கன்னத்து மை

உள்ளே ஃபேன் ஓடியது, வெளியே ஓடவில்லை. உள்ளே அக்கா உட்கார்ந்திருந்தாள், வெளியே இசக்கி நின்றாள். கேஸ் அக்கா மேல் என்பதால் அக்கா உள்ளே இருக்கலாமாம், சாட்சி என்பதால் இவள் கூப்பிடும் வரை வராந்தாவிலேயே கிடக்க வேண்டுமாம். வக்கீல் கோமதிநாயகம் சார் ஏதோ புதுச் சட்டத்தைச் சொல்வது மாதிரி இதைச் சொன்னார். இசக்கிக்கு இது புதுசே இல்லை, பிறந்ததிலிருந்து அவள் வீட்டில் இந்தச் சட்டம்தான். முத்துமாலை உள்ளே, இசக்கியம்மாள் வெளியே. பேரைப் பாருங்கள், ஒருத்திக்கு முத்தும் மாலையும், இன்னொருத்திக்குக் காட்டில் நாக்கைத் துருத்திக்கொண்டு நிற்கிற அம்மன் பேர். கையில் அக்காவின் பை வேறு. பைக்குள் தண்ணீர் பாட்டில் மூடி சரியில்லாமல் கசிந்துகொண்டே இருந்தது, சுடிதாரில் தொடைப் பக்கம் ஒரு ஈரத்திட்டு, கூப்பிட்டால் இதோடுதான் உள்ளே போக வேண்டும், பார்க்கிறவர்கள் பயத்தில் என்னமோ ஆகிவிட்டது என்று நினைப்பார்கள். நினைக்கட்டும். பையைத் தரையில் வைக்கலாம், ஆனால் வெற்றிலை எச்சில். அக்கா பட்டுச்சேலை மாதிரி ஒன்று கட்டி வந்திருந்தாள், அவள் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் பொம்மைக்குக் கட்டிக் கழித்த சேலை, அது அவளுக்குத்தான் நெய்தது போல இருந்தது, அதுதான் எரிச்சல். பக்கத்தில் வரப்புத் தகராறுக்கு வந்திருந்த ஒரு ஆள் நெடுநேரம் இவளையே பார்த்துவிட்டு, "என்ன கேசு தாயி?" என்றார். "படத்து கேசு." "சினிமாப் படமா?" "இல்ல, எங்க அக்கா படம். ஒருத்தர் வரைஞ்சது. அவரு செத்துப் போனாரு. அவரு மவன் படத்தக் கேக்காரு." அந்த ஆள் யோசித்தார். "உங்க அக்கா மூஞ்சின்னா உங்க அக்காவுக்குத்தான சொந்தம்?" "மூஞ்சி வேற, படம் வேறயாம்." "அது எப்பிடி? அப்ப ஆதாரு கார்டுல இருக்க என் மூஞ்சி யாருக்குச் சொந்தம்?" "அத யாரும் கேஸ் போட்டுக் கேக்க மாட்டாவ, நீங்க பயப்படாதிய" என்றாள் இசக்கி. அவர் சிரித்தார். இவள் சிரிக்கவில்லை. யாருக்குச் சொந்தம் என்கிற கேள்வி வந்தாலே இவளுக்கு அந்த வாளி ஞாபகம் வந்துவிடும்.

பச்சை வாளி. மொட்டைமாடியில் அக்கா துணி காயப்போடுவாள், இசக்கி வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், ஏனென்றால் வாளிக்கு அடிவிளிம்பு ஒரு பக்கம் உடைந்துபோனது, கீழே வைத்தால் சாயும். மாடி அறையில் குடியிருந்த பரஞ்சோதி மாமா மெட்ராஸில் பெரிய ஓவியர் என்று வீட்டு ஓனர் சொன்னதை யாரும் நம்பவில்லை. பெரிய ஓவியர் தூத்துக்குடியில் உப்புக்காற்றில் சுவர் பொரிந்த அறையில் சீனியில்லாத காப்பி கேட்டுக்கொண்டு எதற்கு இருக்கப்போகிறார். ஒருநாள் அறை வாசலில் நின்று அக்காவைப் பார்த்தார். அக்கா வாயில் மூன்று நாலு கிளிப்புகளைக் கடித்துக்கொண்டு கையைத் தூக்கிச் சேலையை உதறிக்கொண்டிருந்தாள். "முத்து, அப்படியே நில்லும்மா" என்றார். அவ்வளவுதான். அப்புறம் ஒரு வேனற்காலம் முழுக்க அக்கா அப்படியே நின்றாள். வாளியும் அப்படியே நின்றது. வாளி தானாக நிற்காது என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். கை மரத்துப்போகும், எறும்பு ஏறும், அம்மா இறால் கம்பெனிக்குப் போகிற அவசரத்தில் கீழேயிருந்து கத்துவாள், இவள் நகரமாட்டாள். நகர்ந்தால் அக்கா மேல் விழுகிற வாளி நிழல் மாறிவிடுமாம். அவர் இவளைப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. "ஏய் வாளி, வெளிச்சத்த மறைக்காத. ஏய் வாளி, காப்பி வருதான்னு பாரு." அக்கா கிளிப்பைக் கடித்தபடியே சிரிப்பாள், சிரித்தால் தோள் குலுங்கும், அவர் ஒன்றும் சொல்லமாட்டார், அது மட்டும் வரையலாமாம். இசக்கி வேர்வையைத் துடைத்தால் மட்டும் குற்றம். என்றாவது ஒருநாள் தூரிகையை இந்தப் பக்கம் திருப்புவார் என்று இவள் இருந்தாள். ஆமாம், இருந்தாள், அதில் என்ன பொய். தினமும் தலையைப் படிய வாரி, அக்காவின் ஸ்டிக்கர் பொட்டைத் திருடி ஒட்டிக்கொண்டுதான் மாடிக்குப் போனாள். ஒரு கையாவது படத்தில் வரும் என்று நினைத்தாள். படம் முடிந்த அன்று கூப்பிட்டுக் காட்டினார். அக்கா இருந்தாள், கிளிப்பு இருந்தது, வானம் இருந்தது, பச்சை வாளி இருந்தது. வாளி தரையில் தானாக நின்றுகொண்டிருந்தது, சாயாமல், யாரும் பிடிக்காமல். "எப்பிடி இருக்கு வாளி?" என்று கேட்டார். நல்லா இருக்கு மாமா என்றாள். நல்லாத்தான் இருந்தது. அதை எப்படி இல்லை என்பது. கேவலமாக இருந்திருந்தால் இந்த வயிறு எரிந்திருக்காது.

அன்று சாயங்காலமே படத்தை அக்காவுக்கு என்று சொல்லிக் கீழே கொண்டுவந்தார். படிக்கட்டு குறுகல், அவர் ஒரு பக்கம் பிடித்தார், மறுபக்கம் பிடித்தது யார் என்று சொல்லவே வேண்டாம். ஆணியும் அவரே அடித்தார், அடிக்கும்போது விரலில் ஒரு அடி வாங்கி ஆங்கிலத்தில் திட்டினார். வக்கீல் சார் இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னது: "பத்திரம் கித்திரம் ஒண்ணும் வேண்டாம்மா. நகர்த்துற பொருள மனசாரக் கையில குடுத்துட்டா அது தானம், செல்லும். ஆனா குடுத்தாருன்னு காட்டணும்." காட்ட யார் இருக்கிறார்கள். ஓனர் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தார், அம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தாள், அக்கா கேஸ்காரி, அவள் சொல்வதை அவளுக்குச் சாதகம் என்பார்கள். மிச்சம் வாளிதான். கொடுத்ததை யாரும் பார்க்கவில்லை, சுவரில் தொங்கியதைப் பார்க்க மட்டும் தெருவில் உள்ள அத்தனை பேரும் வந்தார்கள். ஜவுளிக்கடைப் பிள்ளைகள் வந்தார்கள், அம்மாவின் கம்பெனிக்காரிகள் மீன் வாடையோடு வந்து நின்று, "ஏளா, உசுரோட நிக்கவ மாரியில்ல இருக்கு" என்றார்கள். ஒருத்தி படத்துக்கு முன்னால் கைகூப்பினாள், பிறகு அசடு வழிந்தாள். யாரும் வாளியைக் கேட்கவில்லை. சாப்பிடும்போது எதிரே அக்கா, படுத்தால் மேலே அக்கா, பக்கத்தில் பாயில் அக்கா. பதினொன்றாம் வகுப்பில் நின்றுபோனதற்கு அம்மா திட்டும்போதுகூட இவள் பார்வை போய் விழுவது அந்தக் கன்னத்தில்தான், திட்டு வாங்காத கன்னம், வேர்க்காத கன்னம். அப்படி ஒருநாள் மத்தியானம் வீட்டில் யாருமில்லை. அக்காவின் கண்மை டப்பா ஜன்னலில் திறந்து கிடந்தது. விரலை விட்டு நன்றாக எடுத்தாள். படத்தில் சாயம் மெத்தென்று இருந்தது, தொட்டதும் உடம்பெல்லாம் குளிர்ந்தது, நிஜக் கன்னத்தைத் தொட்ட மாதிரிதான், அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை, அழுத்தித் தேய்த்தாள், கண்ணுக்கு நேர் கீழே, ஒரு நாலணா அளவுக்கு, அசிங்கமாக. செய்துவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். வருத்தம் வரும் என்று பார்த்தாள், வரவில்லை. பயம்தான் வந்தது.

முதலில் வந்தது அக்கா. செருப்பைக் கழற்றவில்லை, பையை இறக்கவில்லை, அப்படியே நின்று பார்த்தாள். அவள் வாயைத் திறக்கும் முன் பின்னாலேயே காப்பிக்கு மாமா வந்துவிட்டார். "யார் வச்சது இது?" என்றார். அந்த நிமிஷத்தை இசக்கி எத்தனை தரம் ஓட்டிப் பார்த்திருக்கிறாள், ஃபோனில் ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்க்கிற மாதிரி. இவள் வாயில் 'நான்தான்' வந்துவிட்டது, நுனி நாக்கில் நிற்கிறது, அதற்குள் அக்கா, "தங்கச்சி மாமா. திருஷ்டிக்கு வச்சிருக்கா, எல்லாரும் வந்து கண்ணு போடுதாவன்னு" என்றாள். மூச்சுவிடாமல், சிரித்துக்கொண்டே. மாமா கிட்டே போய்ப் பார்த்தார். பிறகு சிரித்தார், இருமல் வருகிற வரை சிரித்தார். "இதத்தான்டா இந்த மூஞ்சில எங்கயோ காணலன்னு தேடிட்டிருந்தேன். யாரும் துடைக்கப்படாது." மாடிக்குப் போய் வார்னிஷ் பாட்டிலை எடுத்துவந்தார். ஊற்றிக்கொள்ள ஏதாவது கொடு வாளி என்றார், இவள் கைக்கு வந்த டம்ளரைக் கொடுத்தாள், அவர் காப்பி குடிக்கிற டம்ளரேதான். தரையில் பேப்பர் விரித்து, படத்தைப் படுக்கப்போட்டு, மையோடு சேர்த்து மேலே ஒரே பூச்சாகப் பூசினார். வீடு முழுக்க நெடி, ராத்திரி மூன்று பேரும் வாசலில்தான் படுத்தார்கள், அம்மா அவர் காதுபடவே வைதாள். அதற்குப் பிறகு அந்த மை அழியாது. அக்கா கன்னத்தில் இவள் வைத்த அசிங்கம் காலாகாலத்துக்கும் இருக்கும் என்று அப்போது ஒரு சந்தோஷம் வந்தது, ஆனால் அதை யாரும் அசிங்கம் என்று சொல்லாததுதான் கொடுமை. வந்தவர்களெல்லாம், "தங்கச்சிக்கு எம்புட்டுப் பாசம்" என்றார்கள். எரிச்சலில் வைத்ததைப் பாசம் என்று பேர் மாற்றி அக்கா தன் கணக்கில் போட்டுக்கொண்டாள். படமும் அவளுக்கு, படத்தில் இருக்கிற மூஞ்சியும் அவளுக்கு, மூஞ்சியில் இருக்கிற மையும் அவளுக்கு. மனுஷிக்குச் சொந்தமாக ஒரு கெட்ட குணத்தைக்கூட விட்டுவைக்கமாட்டாளா.

மாமா செத்துப்போன பிறகுதான் பெங்களூரிலிருந்து நிர்மல் என்று ஒரு மகன் இருப்பதே தெரிந்தது. அறையைக் காலி செய்ய வந்தார், எல்லாவற்றையும் துணியில் சுற்றி வண்டியில் ஏற்றினார், போகும்போது தண்ணீர் கேட்டு இவர்கள் வீட்டுக்குள் வந்தவர் சுவரைப் பார்த்துத் தண்ணீரைக் குடிக்காமல் வைத்துவிட்டார். அப்பா யாருக்கும் படம் கொடுத்ததே இல்லை, நான் கேட்டே எனக்குக் கொடுத்ததில்லை என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம் போன போக்கை இசக்கி பார்த்தாள். அக்கா பார்க்கவில்லை, அம்மா பார்க்கவில்லை, அவர்களுக்கு அந்த முகம் தெரியாது. இவளுக்குத் தெரியும், கண்ணாடியில் பார்த்த முகம். வாளி பிடித்தவன் முகம். பிறகு நோட்டீஸ் வந்தது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அறையிலிருந்து படத்தை எடுத்துக்கொண்டார்கள் என்று கேஸ். அதற்கு அவர்கள் பிடித்த பிடிதான் இந்த மை. சென்னையிலிருந்து வந்த நிபுணர் படத்தைப் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தார்: கறுப்புப் புள்ளி வார்னிஷுக்கு அடியில் இருக்கிறது, எனவே ஓவியர் வைத்தது, வார்னிஷ் பூசுகிற வரை படம் ஓவியரின் அறையில்தான் இருந்திருக்கிறது. அதாவது இவள் வைத்த மையும் இப்போது மாமா வைத்ததாம். முதலில் அக்கா எடுத்துக்கொண்டாள், இப்போது செத்த மனுஷன் எடுத்துக்கொண்டான். அம்மா நெடிக்குத்தான் வந்தாள், வார்னிஷை எங்கள் வீட்டுத் தரையில் வைத்துப் பூசியதைக் கண்ணால் பார்த்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டு பேர்தான், அதில் ஒருத்தி பேச்சு எடுபடாது. காலையில் கோமதிநாயகம் சார் காதுகிட்டே வந்து சொன்னார்: "ஏன் வச்சேன்னு கேப்பாங்க. அக்கா மேல பாசத்துல, திருஷ்டிக்கு வச்சேன். அவ்வளவுதான். வேற ஒரு வார்த்த பேசப்படாது. சண்டை கிண்டைன்னு வாயத் தொறந்தே, படத்தக் கெடுத்துட்டாங்கன்னு கோவப்பட்டு அவரே திருப்பி எடுத்துட்டுப் போயிட்டாருன்னு கதைய மாத்திடுவாங்க." சரி சார் என்றாள். பாசத்துல, திருஷ்டிக்கு. பாசத்துல, திருஷ்டிக்கு. வராந்தாவில் நின்று சொல்லிப் பார்த்தால் வாய்க்குள் வேறொருத்தியின் பல் கிடக்கிற மாதிரி இருந்தது. இன்னொன்றும் சொல்லலாம், அது காலையிலிருந்து காலைச் சுற்றுகிற நாய் மாதிரி கூடவே வந்துகொண்டிருந்தது. 'ஞாபகம் இல்ல சார்.' முடிந்தது. நிர்மல் படத்தைத் துணியில் சுற்றி எடுத்துப்போவார், சுவரில் ஆணி மட்டும் இருக்கும், இசக்கி நிம்மதியாகச் சோறு தின்னலாம். பொய்யென்று யார் நிரூபிப்பார்கள். அக்கா அழுவாள். அக்கா அழுதால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள், அழும்போதும் அவள் நன்றாகத்தான் இருப்பாள், அதையும் எவனாவது வரைவான். நினைக்கும்போதே சிரிப்பு வந்தது. ஆனால் இவள் அம்மைபோட்டுக் கிடந்தபோது வேப்பிலையால் முதுகு தடவியவள் அவள்தான், நல்ல பிள்ளை, அதுதான் பிரச்சினையே, கெட்டவளாக இருந்திருந்தால் என்றைக்கோ சண்டை போட்டு முடித்திருக்கலாம்.

"இசக்கியம்மாள், இசக்கியம்மாள், இசக்கியம்மாள்" என்று டவாலி மூன்று தரம் கூப்பிட்டார். பக்கத்தில் நிற்கிறாள், எதற்கு மூன்று தரம். வரப்புக்காரர், "தைரியமாப் போ தாயி, உள்ளதச் சொல்லு" என்றார். பையை அவரிடம் கொடுத்துவிட்டுப் போகலாமா என்று பார்த்தாள், மனசு வராமல் தோளிலேயே மாட்டிக்கொண்டு போனாள். கூண்டு இடுப்பளவு உயரம்தான், கைவைக்கும் கட்டையில் எத்தனையோ பேர் கைபட்டு மினுமினுப்பு. மேஜைக்குப் பக்கத்தில் படத்தைச் சுவரில் சாய்த்துவைத்திருந்தார்கள். அத்தனை கறுப்புக் கோட்டுக்கு நடுவில் அக்கா கிளிப்பைக் கடித்துக்கொண்டு துணி உதறினாள். பெஞ்சில் நிஜ அக்கா. அந்தப் பக்கம் நிர்மல், அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோமதிநாயகம் சார் கேட்டார், மாமா படத்தைக் கொண்டுவந்தது, ஆணி அடித்தது, இவள் சொன்னாள், அதெல்லாம் எளிது. மையை யார் வைத்தது, நான்தான். பாசத்தில் திருஷ்டிக்குத்தானே வைத்தாய் என்று அவரே அதையும் எடுத்துக் கொடுக்கப் பார்த்தார், அந்தப் பக்கத்து வக்கீல் எழுந்து பதிலை வாயில் ஊட்டக்கூடாது என்றார், ஜட்ஜ் அம்மா ஆமாம் என்று தலையாட்டிவிட்டு இவளைப் பார்த்தார். "ஏன் வச்சீங்க? நீங்களே சொல்லுங்க." பாசத்துல. ஞாபகம் இல்ல. இரண்டும் வரிசையில் நின்றன. ஃபேன் சத்தம். படத்தில் அந்த மை, கிட்டத்தில் போய்ப் பார்த்தால் இவள் விரல் ரேகைகூடத் தெரியும், வார்னிஷுக்கு அடியில், கண்ணாடிக்குள் வைத்த மாதிரி. இந்தக் கோர்ட்டிலேயே, அந்தப் படத்திலேயே, தனக்கென்று இருக்கிறது இது ஒன்றுதான் என்று தோன்றியது. "வயித்தெரிச்சல்ல வச்சேன்மா" என்றாள். கோமதிநாயகம் சார் கண்ணை மூடிக்கொண்டார். டைப் அடிக்கிறவள் கையை நிறுத்தினாள். "அவளையே வரைஞ்சாரு. நான் மாசக்கணக்கா வாளி புடிச்சேன், என் கைய வரையல, வாளிய மட்டும் வரைஞ்சாரு. எனக்குப் பொறுக்கல. அசிங்கமா இருக்கட்டும்னுதான் வச்சேன். அவரு அன்னைக்கே எங்க வீட்டுக்கு வந்து பாத்துச் சிரிச்சுட்டு, தொடைக்கப்படாதுன்னு எங்க வீட்டுத் தரையிலயே போட்டு வார்னிஷ் அடிச்சாரு. நான் வச்ச கோவத்துக்கு அவரு கோவப்பட்டிருந்தா எனக்குச் சந்தோசமா இருந்திருக்கும். அவரு கோவப்படல."

அந்தப் பக்கத்து வக்கீல் சிரித்துக்கொண்டே எழுந்தார். பொறாமைக்காரப் பெண், அக்காவுக்குப் பயந்து பேசுகிறீர்கள் என்றார். பயந்தால் இதையா சொல்வேன் என்றாள். வார்னிஷ் பாட்டிலிலிருந்து நேராகவா பூசினார் என்று கேட்டார், வலையை விரிக்கிறார் என்று குரலிலேயே தெரிந்தது. "இல்ல, டம்ளர்ல ஊத்தி." எந்த டம்ளர். "அவரு காப்பி குடிக்க டம்ளர். சில்வரு." அது இப்போது எங்கே, தூக்கிப் போட்டுவிட்டீர்களாக்கும். "இல்ல சார், மாடியில இருக்கு. உள்ள மஞ்சளா ஒட்டிக்கிட்டுப் போவவே மாட்டேங்கு, அதனால துணி கிளிப்பு போட்டு வச்சிருக்கோம்." யாரோ பின்னால் சிரித்தார்கள். வக்கீல் நிர்மல் பக்கம் திரும்பிப் பார்த்தார். நிர்மல் பார்க்கவில்லை, அவர் முதல் தடவையாகப் படத்தை விட்டுவிட்டு இசக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார், அல்லது பச்சை வாளியைத் தேடினாரோ என்னவோ. வேறு கேள்வி இல்லை என்றார் வக்கீல். அந்த டம்ளரை அடுத்த வாய்தாவுக்குக் கொண்டுவரச் சொன்ன ஜட்ஜ் அம்மா, டைப் அடிக்கிறவளுக்கு ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்: "அக்காவின் மீதான பொறாமையின் காரணமாக நானே அந்த மையை வைத்தேன்." இசக்கி அது அடித்து முடிகிற வரை நின்று கேட்டாள். நானே. கீழே கையெழுத்துப் போடச் சொன்னார்கள், முழுப் பேரையும் எழுதினாள், இசக்கியம்மாள், ஒரு எழுத்துக்கூட விடாமல்.

வெளியே வந்ததும் கோமதிநாயகம் சார், "உன்ன என்னம்மா சொல்றது" என்றார், பிறகு, "கெட்டதுலயும் ஒரு நல்லது, இப்படியொரு அசிங்கத்த யாரும் பொய்யாச் சொல்ல மாட்டாங்க, எடுபடும்" என்று சொல்லிவிட்டு வேறு கட்சிக்காரரைப் பார்க்கப் போனார். அக்கா படியிலிருந்து இறங்கி வந்தாள். அழவில்லை. "எனக்கு அன்னைக்கே தெரியும்ட்டி" என்றாள். "திருஷ்டிக்கு வைக்கவ காதோரமா ஒளிச்சுச் சின்னதாவல்ல வைப்பா. கண்ணுக்கு நேர் கீழ, மாடு கால்ல மிதிச்ச மாரியா வைப்பா." "பின்ன எதுக்கு அப்பிடிச் சொன்ன?" "மாமா உன்ன ஏசிருவாரோன்னுதான்." இசக்கிக்கு மறுபடியும் அடிவயிற்றில் பற்றியது. தெரிந்தே மறைத்திருக்கிறாள், இத்தனை நாளும் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டாமல். இதிலும் அவள்தான் மேலே. இவ்வளவு உண்மையைச் சொல்லிவிட்டு வந்தும் ஒரு அங்குலம் குறையவில்லையே இந்த எரிச்சல், குறையும் என்று எவன் சொன்னது. அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு கோர்ட் வாசல் பக்கம் நடக்க ஆரம்பித்தாள், கையை வீசிக்கொண்டு, பின்னால் இவள் வருவாள் என்று திரும்பிக்கூடப் பார்க்காமல். இசக்கி ரெண்டு எட்டு போட்டு முன்னால் வந்து, தோளிலிருந்து பையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தாள். "பிடி." அக்கா பிடித்தாள். கொஞ்சதூரம் போனதும் பட்டு மாதிரி இருந்த அந்தச் சேலையில் இடுப்புப் பக்கம் ஈரம் பரவியது. "ஏட்டி, பாட்டில் கசியுது" என்றாள் அக்கா.

"தெரியும்" என்றாள் இசக்கி.